வார்ப்பிரும்பு புல்லட் எஞ்சின் புதுப்பித்தல்

பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் எஞ்சினைப் பிரித்து, கேஸ்கட்டுகளை மாற்றி, தேய்ந்த பரப்புகளைச் சீர்செய்து மீண்டும் பூட்டுவதைப் பட்டறைகளில் ‘எஞ்சின் வேலை’ என்பார்கள். கொடைக்கானல் உள்ளிட்ட பழனி மலைப் பகுதியில் நீண்ட ஏற்றமும் மெல்லிய காற்றும் ஓயாத ஈரமும் இந்த எஞ்சினைச் சோதிப்பதால், இங்கு அந்த வேலைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பழைய புல்லட் என்றால் ஆயில் ஒழுகத்தான் செய்யும் என்ற நம்பிக்கை தவறானது. பொருந்தும் பரப்புகளைச் சீராக்கிப் பூட்டினால் ஒழுக்கைக் கட்டுப்படுத்தலாம்.

வரலாறு

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் உருவான 350 சிசி புல்லட்டை இந்தியாவில் தயாரிப்பதற்காக 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் இதில் கூட்டாளிகள். ஆலை சென்னையின் திருவொற்றியூரில் அமைந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் மூடப்பட்ட பின்னும் சென்னையில் உற்பத்தி நிற்கவில்லை. வார்ப்பிரும்பு எஞ்சின் ஏறத்தாழ 2010 வரை நீடித்தது. உதிரிபாகங்கள் இன்றும் எளிதில் கிடைப்பதற்கு இந்தத் தொடர்ச்சியே காரணம்.

அமைப்பு

சிலிண்டரின் விட்டம் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., கொள்ளளவு 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியம். கியர்பாக்ஸ் தனி உறுப்பு. ஆயில் கிராங்க் கேஸிலேயே உள்ள அறையில் தங்கி, இரண்டு பம்புகளால் சுழல்கிறது.

கேஸ்கட் மாற்றம்

பழைய கேஸ்கட்டைப் பித்தளை அல்லது மரச் சுரண்டியால் எடுக்க வேண்டும். இரும்புச் சுரண்டி அலுமினியத்தில் கீறல் போடும். அந்தக் கீறலே பிறகு ஆயிலுக்கு வழியாகும். பழைய கேஸ்கட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், ஈரப்படுத்தாமல் சுரண்டுவதும் தேய்ப்பதும் ஆபத்து.

டைமிங் கவரின் உட்புறத்தில் உள்ள சிறு கார்க் சீல் தவறாமல் மாற்ற வேண்டியது. கிராங்கின் பெரிய முனை பேரிங்குக்கு ஆயில் இதன் வழியாகவே போகிறது. இது தேய்ந்தால் வெளியே ஒரு துளிகூட ஒழுகாமலே பேரிங் காய்ந்து கெடும். பிரைமரி செயின் மூடி நடுவில் ஒரே நட்டால் இறுகுவது. ஒழுக்கை நிறுத்த அதை மேலும் முறுக்கினால் மூடி வளையும். ரப்பர் சீலை மாற்றுவதே சரியான வழி. செம்பு வாஷரைச் செந்தழலாகக் காய்ச்சி ஆற்றினால் மீண்டும் மென்மை பெறும்.

கிராங்க் கேஸின் பிரீதர் குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுக் கேஸ்கட்டையும் தாண்டி ஆயில் வெளியேறும். ஆகவே கேஸ்கட் மாற்றும் போதெல்லாம் பிரீதரையும் சுத்தம் செய்வது அவசியம்.

பரப்புச் சீரமைப்பு

சீரமைப்பின் முதல் நோக்கம் பளபளப்பு அல்ல, தட்டைத்தன்மை. தடித்த கண்ணாடிப் பலகையில் எமரித் தாளை விரித்து, மூடிகளின் விளிம்பை எட்டு வடிவில் தேய்த்தால் மேடுகள் கரையும். வால்வுகளை லேப்பிங் பேஸ்ட் இட்டு அவற்றின் இருக்கையில் பொருந்தும்வரை அரைக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தால் ரீபோர் செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம்.

அலுமினிய மூடிகளை எமரித் தாளால் படிப்படியாகத் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் மெருகேற்றுவார்கள். சிலிண்டருக்கு வெப்பம் தாங்கும் கறுப்புப் பூச்சு மெல்லியதாகவே இருக்க வேண்டும். தடித்த பூச்சு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். மணல் வீச்சால் துப்புரவு செய்த பாகத்தின் ஆயில் துளைகளில் ஒரு மணல் துகள் தங்கினாலும் பேரிங் அழியும். ஆகவே எல்லாத் துளைகளையும் கழுவி, காற்று ஊதிப் பார்த்த பின்னரே பூட்ட வேண்டும்.

மலைச் சூழல்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளிக்கு ஏற்ற கார்புரேட்டர் அங்கே பெட்ரோலை அதிகமாகக் கலக்கும். ஹெட்டில் கரி படியும். வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது திராட்டில் மூடியிருந்தால் சிலிண்டரில் உறிஞ்சல் கூடும். தேய்ந்த ரிங், வால்வ் கைடு வழியே ஆயில் ஏறி, மறுபடி திராட்டிலைத் திறக்கும்போது நீலப் புகை வரும். இந்தப் புகை கேஸ்கட் கோளாறு அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மெருகிட்ட அலுமினியத்தில் வெள்ளைப் படலம் படியும் என்பதால் மெழுகுப் பூச்சு உதவும்.

இம்மலையின் ஓடைகள் தெற்கே வைகைக்கும் வடக்கே அமராவதிக்கும் நீர் தருகின்றன. பாகங்கள் கழுவிய மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் வடிகாலில் ஊற்றாமல் டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு ஒப்படைப்பது எஞ்சின் வேலையின் கட்டாயப் பகுதி.