மூட்டு வலிக்கு மூன்று நாள் கடல்

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் இன்று எஞ்சியிருப்பவை மூன்று. 1963-இல் அந்த வளாகத்திலேயே எழுந்ததுதான் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை. அங்கே "ரெஃபர் பண்ணிட்டாங்க" என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள்.

கச்சால் தீவுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970-களில் அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. மரத்துக்கு மரம் நடந்து, குனிந்து நிமிர்ந்து பால் வெட்டுகிற வேலை. முட்டி வலித்தால், போர்ட் பிளேருக்கு வரவே ஒரு கப்பல்.

அன்று மருத்துவரிடம் இருந்தவை கையும் எக்ஸ்-ரேயும். எக்ஸ்-ரேயில் எலும்பு தெரியும்; ஜவ்வு கிழிந்தது தெரியாது. உள்ளே பார்க்க ஆசைப்பட்டவர்கள் உண்டு: டோக்கியோவில் கென்ஜி தகாகி 1918-இல், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை ஒரு சடலத்தின் மூட்டுக்குள் நுழைத்துப் பார்த்தார். கத்தியில்லாமல் பார்க்கும் வழி 1977-இல் பிறந்தது. ரேமண்ட் டமாடியன் குழு முதல் முறையாக மனித உடலை எம்.ஆர்.ஐ. படமெடுத்தபோது, நெஞ்சின் ஒரே படத்துக்கு ஐந்து மணி நேரம் போலப் பிடித்தது. 1980-களில் அது முட்டிக்கும் வந்தது. இந்தியாவின் முதல் எந்திரம் 1986-இல் டெல்லியில், இன்மாஸ் என்ற அணு மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் நிறுவப்பட்டது.

தீவுக்கு இது லேசில் ஒத்துவரும் எந்திரமல்ல. காந்தச் சுருள் பொதுவாக மைனஸ் 269 டிகிரி திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்க வேண்டும். குளிர்விப்பான் நின்றுபோனால் ஹீலியம் ஆவியாகத் தொடங்கிவிடும். அந்தமான் மின்சாரத்திலோ பெரும்பங்கு டீசல் ஜெனரேட்டருடையது. அந்த டீசலும் கப்பலில்தான் வர வேண்டும்.

ஆள் போகாமல் படத்தை அனுப்பும் வழி முதலில் கைகூடியது. 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரோவின் செயற்கைக்கோள் பந்த் மருத்துவமனையைச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு இணைத்தது. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து கடலடி கேபிளும் வந்தது, சுமார் 2,300 கி.மீ. நீளத்தில்.

ஸ்கேன் கிடைத்தால் மட்டும் வலியின் காரணம் பிடிபட்டுவிடுமா? அமெரிக்காவின் ஃபிரேமிங்காமில் 50 முதல் 90 வயது வரையிலான 991 பேரின் முட்டியை ஸ்கேன் செய்த ஆய்வு 2008-இல் வெளியானது. உள்ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இருந்ததில்லை! ஆக, அறுபது வயதுக்காரரின் அறிக்கையில் 'கிழிசல்' என்று இருப்பது பெரிய செய்தியல்ல. அவருக்குப் பெரும்பாலும் கைப் பரிசோதனையும் நின்றபடி எடுக்கும் எக்ஸ்-ரேயுமே போதும். கால்பந்தில் முட்டி திருகி, காலை நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்ட இளைஞருக்கு நிலைமை வேறு. அவருக்கு ஸ்கேனும் நியாயம், அதற்கான கப்பல் டிக்கெட்டும் நியாயம்.