லிப்டனின் கிண்ணமும் லயத்துப் பிள்ளைகளும்

ஞாயிற்றுக்கிழமை மாலை. மொனராகலையில் இறப்பர் மரங்களுக்கு இடையே கிடக்கும் ஒரு சரிவில் லயத்துப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பங்களுக்குப் பதில் இரண்டிரண்டு கற்கள். பந்து பள்ளத்தில் உருண்டால் ஒருவன் இறங்கி எடுத்து வரவேண்டும். அதுவரை ஆட்டம் நிற்கும். அப்படி நின்ற ஒரு பொழுதில் என் மாணவன் ஒருவன் கேட்டான்: "பந்தடிச்சே சம்பளம் வாங்கிப் பொழைக்க முடியுங்களா, சேர்?"

ஒற்றைச் சொல்லில் விடை கூற மனம் இடந்தரவில்லை. ஒரு நாட்டில் தொழில்முறை உதைபந்தாட்டம் வேரூன்றுமா என்பது விளையாட்டைப் பற்றிய வினா மட்டுமன்று. அந்நாட்டின் உழைக்கும் மக்களுக்கு ஓய்வும் கூலியும் நிலமும் எவ்வளவு கிடைத்திருக்கின்றன என்பதைப் பற்றிய வினாவும் ஆகும்.

நம் ஊவா மண்ணிலிருந்தே தொடங்குவோம். 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கருகே தோட்டங்களை வாங்கித் தேயிலை வணிகத்தில் பெருஞ்செல்வரானார். அச்செல்வத்தின் ஒரு துளி உதைபந்தாட்டத்திற்கும் சென்றது. 1905இல் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் மோதுவதற்கென ஒரு கிண்ணம் அளித்தார். 1909இல் இத்தாலியின் துரீன் நகரில் பல நாட்டுக் கழகங்கள் ஆடிய போட்டிக்கு மற்றொரு கிண்ணம் அளித்தார். இந்த இரண்டாவது கிண்ணத்தை வென்றவர்கள் யார்? வெஸ்ட் ஓக்லாந்து என்னும் சிற்றூரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்! 1911இல் மீண்டும் சென்று யுவென்டஸ் கழகத்தை ஆறுக்கு ஒன்று என வீழ்த்தினார்கள். ஆயினும் பயணக் கடன் கழுத்தை நெரிக்கவே, வென்ற கிண்ணத்தையே அடகு வைக்க நேர்ந்தது. கொழுந்து பறித்த கைகளின் உழைப்பில் உருவான கிண்ணம், கரி வெட்டிய கைகளுக்குப் போய், அடகுக்கும் போயிற்று. திறமை மட்டும் ஒரு கழகத்தைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்படியாயின் இங்கிலாந்தில் தொழில்முறை ஆட்டம் எவ்வாறு நிலைத்தது? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை வேலையைப் பிற்பகல் இரண்டு மணியோடு நிறுத்தியது. போராடிப் பெற்ற அந்த அரைநாள் ஓய்வே ஆட்டக்காரரையும் பார்வையாளரையும் ஒருங்கே படைத்தது. 1885இல் ஆட்டத்திற்குக் கூலி பெறுவது அனுமதிக்கப்பட்டது. 1888இல் பன்னிரண்டு கழகங்களுடன் லீக் தோன்றியது. அப்பன்னிரண்டும் ஆலைகளும் சுரங்கங்களும் நிறைந்த வடபகுதியையும் நடுப்பகுதியையும் சேர்ந்தவை. தலைநகர் லண்டனிலிருந்து ஒரு கழகம்கூட இல்லை! உழைப்பாளி வாழ்ந்த ஊர்களிலேதான் லீக் முளைத்தது.

மேலிருந்து நட்ட மரங்களின் கதை வேறு. அமெரிக்காவில் 1968இல் தோன்றிய லீக், பெலே போன்ற பெருவீரர்களை விலைக்கு வாங்கியும் 1984க்குப் பின் நடைபெறவில்லை. கனடாவில் 1987இல் எழுந்த லீக், கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பறக்கும் செலவைச் சுமந்து 1992இல் வீழ்ந்தது. அங்கு 2019இல் மீண்டும் ஒன்று தொடங்கும்வரை கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. இந்தியா 1996இல் ஒன்று, 2007இல் ஒன்று, 2014இல் ஒன்று எனப் பெயர் மாற்றி மாற்றி முயன்றது. ஆனால் 1889இல் பிறந்த மோகன் பகான் இவை அனைத்திற்கும் முன்பே மக்களின் நெஞ்சில் இடம்பிடித்திருந்தது. லீக்குகள் தோன்றி மறையலாம்; மக்கள் தமதென்று கருதும் கழகம் மறைவதில்லை.

இனி நம் நாடு. நம்மிடம் திறமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. 1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைப் பெற்றோம். 2006இல் ஆசியச் சவால் கிண்ணத்தின் இறுதியாட்டம்வரை சென்றோம். 2021 ஏப்ரலில் நாட்டின் முதல் தொழில்முறை லீக் என்னும் அறிவிப்போடு சூப்பர் லீக் பத்துக் கழகங்களுடன் தொடங்கியது. அவற்றுள் மூன்று முப்படைகளின் கழகங்கள். எஞ்சியவற்றுள் பெரும்பாலானவை கொழும்பையும் மேற்குக் கரையோரத்தையும் சேர்ந்தவை. மலையகத்தின் பெயரைத் தாங்கி நாவலப்பிட்டியின் அப் கன்ட்ரி லயன்ஸ் மட்டும் நின்றது. ஊவாவிலிருந்தோ வடக்கு கிழக்கிலிருந்தோ ஒரு கழகமும் இல்லை. கொள்ளைநோயால் தடைப்பட்டுத் தடைப்பட்டு நடந்த அப்போட்டியில் களுத்துறையின் புளூ ஸ்டார் வெற்றி பெற்றது. 2022இல் நாட்டின் பொருளாதாரமே சரிந்தது. 2023 ஜனவரியில், நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று காரணம் காட்டி, உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் நம்மை இடைநிறுத்தியது; ஆகஸ்டில்தான் தடை நீங்கியது.

கனடாவைப் போல நமக்குத் தூரம் ஒரு தடையன்று. ஒரே இரவில் ரயிலேறி விடியலில் கொழும்பை அடையலாம். ஆனால் அந்த ரயிலும் தேயிலைக்காகவே மலையேறி, 1924இல் பதுளையோடு நின்றுவிட்டது. 1959இல் தனி மாவட்டமான மொனராகலைக்கு இருப்புப்பாதை இன்றும் இல்லை. நம்மைப் பிரிப்பது மைல்கள் அல்ல, வர்க்கம். சூப்பர் லீக் தொடங்குவதற்கு முந்திய மாதத்தில்தான், நெடுங்காலப் போராட்டத்திற்குப் பின், தோட்டத் தொழிலாளிக்கு நாட்கூலி 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வெளிவந்தது. அதையும் எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் ஏறின. பெரட்டுக்கு விடியலில் சென்று, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர் வாங்கித் திரும்பும் தாய், மகனுக்குப் பந்தாட்டச் சப்பாத்து எதைக்கொண்டு வாங்குவாள்?

நிலத்தின் கதையும் இதுவே. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. லயத்தருகே ஒரு மைதானம் அமைப்பதென்றாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். தேசிய லீக் என்கிறோம். 1948இன் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள், எஞ்சியோரின் குடியுரிமையையும் மீட்க 2003வரை காத்திருந்தனர். அவர்களுக்கு இடமளிக்காத ஒன்று எவ்வாறு தேசியமாகும்?

ஆகவே, இலங்கையில் தொழில்முறை லீக் வெற்றி பெறுமா என்றால், பெறும் என்றே சொல்வேன். ஆனால் கொழும்பு அலுவலகம் ஒன்றில் அது பிறக்காது. பாடசாலைக்கும் தோட்டத்திற்கும் உரிய மைதானங்கள் முதலில் வேண்டும். ஊவாவுக்கென ஒரு மாகாண லீக் அடுத்து வேண்டும். கழகங்கள் அனுசரணையாளரின் சொத்தாகாமல் உறுப்பினரின் சொத்தாக இருத்தல் வேண்டும். ஜேர்மனியில், சில விலக்குகள் நீங்கலாக, கழகத்தின் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினரிடமே இருக்கவேண்டும் என்பது விதி. சந்தா கட்டிச் சங்கம் வளர்த்த நம் மக்களுக்கு இது புதிய கலையன்று.

அன்று மாணவனிடம் சொன்னேன்: "முடியும், தம்பி. ஆனால் உனக்கு முன்பாக அந்தச் சரிவு சமதரையாக வேண்டும்." அவன் சரிவைப் பார்த்தான். "மம்பட்டி இருக்குங்க சேர், துரைகிட்ட யாரு கேக்கிறது?" என்றான். அந்தக் கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர்கள் நாம்தாம்.