தேனிலவுக்கு ஒரு தீவு, மாசிக்கு ஒரு தீவு

எங்கட பட்ச்சில ஒரு பிள்ளையின் அக்காவுக்கு ஆவணியில் கலியாணம். மண்டபம், ஐயர், சாப்பாடு எல்லாம் வீட்டாக்கள் பார்க்கினம். தேனிலவு மட்டும் எங்கட தலையில் விழுந்தது. "ஆர்ட்ஸ் பக்கல்ட்டிப் பிள்ளையளுக்கு நேரம் இருக்கும்தானே, நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்று அக்கா சொல்லிவிட்டா. அத்தான் ஆகப் போகிறவர் ஏற்கெனவே ஒரு படத்தை அனுப்பியிருந்தார். நீலக் கடல், தண்ணீருக்கு மேலே மரக்கால்களில் நிற்கிற ஓலைக்கூரை வீடு, வாசலில் இருந்து நேரே கடலுக்குள் இறங்குகிற படி. மாலைதீவு.

கன்டீனில் இருந்து விலை பார்க்கத் தொடங்கினோம். எல்லாம் டொலரில். 2022க்குப் பிறகு டொலர் விலையை ரூபாயாக மாற்றிப் பார்க்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும். அக்கா ரீச்சர். மூன்று வருஷமாகக் கட்டின சீட்டுக் காசை எடுத்துத்தான் இந்தப் பயணம். அதனால் நாங்களும் விளையாட்டாகப் பார்க்கவில்லை. எந்தத் தீவு, எந்த மாதம், எவ்வளவு என்று தேடப் போய், கடைசியில் வேறொரு கேள்வியில் வந்து நின்றோம்: இந்தத் தீவுகள் எப்போதிருந்து புதுசாய்க் கலியாணம் கட்டினவர்களுக்குரிய இடமாயின? அதற்கு முன்னம் அங்கே என்ன இருந்தது?

முதலில் தேனிலவையே எடுப்போம். அது எங்கட பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்தில் கலியாணம் முடிந்தால் நாலாம் சடங்கு, கால்மாறிப் போறது, பிறகு சொந்தக்காரர் வீடு வீடாய் விருந்து. புதுத் தம்பதியைத் தனியே விடுகிற எண்ணம் ஒருத்தருக்கும் வராது. சொந்தத்துக்குள் அவர்களைச் சேர்த்து வைப்பதுதான் நோக்கம். ஆச்சரியம் என்னவென்றால், 19ஆம் நூற்றாண்டில் வசதியான ஆங்கிலேயக் குடும்பங்களிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. கலியாணத்துக்கு வர முடியாத உறவினர்களைப் பார்க்கப் புதுமணத் தம்பதி பயணம் போவார்கள். சில வேளை வீட்டுக்காரரும் கூடவே போவார்கள். ரயிலும் கப்பலும் மலிய மலியத்தான் அது இரண்டு பேர் மட்டும் போகிற பயணமாக மாறியது. தமிழில் 'தேனிலவு' என்ற சொல்லைப் பரப்பியதில் சினிமாவுக்கும் பங்குண்டு. ஸ்ரீதர் 1961இல் எடுத்த 'தேன் நிலவு' காஷ்மீருக்குப் போய்ப் படமாக்கப்பட்டது. அப்போது தேனிலவு என்றால் மலை, குளிர், ஏரி. கடற்கரை பிறகுதான் வந்தது.

அத்தானின் படத்தில் இருக்கிற அந்தத் தண்ணீர் வீடும் மாலைதீவின் கண்டுபிடிப்பு அல்ல. பசிபிக்கில், பிரெஞ்சு பொலினேசியாவின் ரையாத்தேயா தீவில், 1967இல் மூன்று அமெரிக்கர்கள் தங்கட ஹோட்டலுக்காகக் கட்டியது அது. அந்தத் தீவில் நல்ல மணற்கரை இல்லை. கரை இல்லாத ஹோட்டலுக்கு ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? அறையையே கடலுக்குள் வைத்தார்கள். குறை ஒன்றை மறைக்கச் செய்த வேலைதான் இன்றைக்கு உலகத்தின் மிக விலையான தேனிலவு அறை.

இப்போது மாலைதீவுக்கு வருவோம். 1343இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா அங்கே போய் இறங்கினார். அவர் எழுதி வைத்ததில் எங்களுக்கு வேண்டியது நிறைய இருக்கிறது. அப்போது அங்கே ஆண்டது சுல்தானா கதீஜா, ஒரு பெண். மீனை அவித்து, புகைபோட்டு, காய வைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யேமனுக்கும் அனுப்பினார்கள் என்று அவர் குறித்திருக்கிறார். அது வேறொன்றுமில்லை, எங்கட சம்பலில் இடித்துப் போடுகிற மாசிதான். திவேஹி மொழியில் மீனுக்கு 'மஸ்' என்று பெயர்.

கலியாணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அங்கே மணம் முடிப்பது மிக லேசு, சீர் குறைவு. கப்பல் வந்தால் மாலுமிகள் மணம் முடிப்பார்கள், கப்பல் புறப்படும்போது விலகிவிடுவார்கள். பெண்கள் தங்கள் நாட்டை விட்டுப் போவதில்லை என்கிறார். அவரே அங்கே காழியாக இருந்துகொண்டு நான்கு பெண்களை மணந்து, போகும்போது விவாகரத்துச் செய்துவிட்டுப் போனார். பெண்கள் மேலாடை போட வேண்டும் என்று அந்தக் காழி போட்ட கட்டளையை ஒருத்தரும் கேட்கவில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். 1344இல் அங்கிருந்து புறப்பட்டவர் வந்து இறங்கியது எங்கட கரையில். புத்தளப் பக்கத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவருடைய உதவியோடு சிவனொளிபாத மலைக்குப் போனார். நாங்கள் பாடப் புத்தகத்தில் படித்த அந்தச் சந்திப்பு, ஒரு மாலைதீவுப் பயணத்தின் அடுத்த தரிப்பிடம்தான்.

கரையை விட்டுப் போகிற ஆணுக்கு அது லேசான கலியாணம். கரையிலேயே நிற்கிற பெண்ணுக்கு அது எப்படி இருந்தது என்று இப்னு பதூதா எழுதவில்லை. ஆனால் விலகுவதும் திரும்ப மணப்பதும் அந்தச் சமூகத்தில் நீண்ட காலம் வழமையாக இருந்தது. உலகத்தில் சனத்தொகை விகிதப்படி அதிக விவாகரத்து நடக்கிற நாடு என்று கின்னஸ் புத்தகம் பதிந்ததும் மாலைதீவைத்தான். தேனிலவுக்கு உலகமே போகிற நாட்டைப் பற்றி விளம்பரத்தில் வராத செய்தி இது. அக்காவிடம் இதைச் சொன்னோம். "உதை உங்கட அத்தானிட்டச் சொல்லிப் போடாதேங்கோ" என்றா.

பிறகு நூற்றாண்டுக் கணக்காக அந்தத் தீவுகளின் வாழ்வு மீனும் தேங்காயும் சோகியும்தான். மாசிக்குப் பெரிய சந்தை இலங்கை. மாலைதீவுத் தோணிகள் கொழும்புக்கு மாசி கொண்டு வந்து, அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு திரும்பும். வசதியான குடும்பங்கள் பிள்ளைகளைக் கொழும்பில் படிக்க விட்டன. பிரித்தானியாவிடமிருந்து மாலைதீவு விடுதலை பெற்ற உடன்படிக்கைகூட 1965 ஜூலை 26ஆம் திகதி கொழும்பில்தான் கையெழுத்தானது.

1970களின் தொடக்கத்தில் இந்தக் கயிறு அறுந்தது. இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதிகளை இறுக்கியது. மாசியும் அதில் அகப்பட்டது. அந்தக் காலத்துத் தட்டுப்பாட்டுக் கதைகளை எங்கட அம்மம்மாமார் பாண் கியூவோடும் மரவள்ளிக் கிழங்கோடும் சேர்த்துத்தான் சொல்லுவினம். கடலுக்கு அந்தப் பக்கம் அதே தட்டுப்பாடு ஒரு நாட்டின் முழு ஏற்றுமதியையும் ஆட்டியது என்பதை ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஜப்பான் கம்பனிகள் வந்து சூரை மீனை உறைய வைத்து வாங்கத் தொடங்கின. ஆனாலும் நாட்டுக்கு வேறொரு வருமானம் தேவைப்பட்டது.

அதுவும் கொழும்பிலிருந்துதான் வந்தது. 1971இல் ஜோர்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், ஆட்கள் போகாத தீவுகளைத் தேடிக்கொண்டு கொழும்பில் நின்றார். அங்கே மாலைதீவுத் தூதரகத்தில் வேலை செய்த அஹமட் நசீமைச் சந்தித்தார். இந்த நசீம் பிற்காலத்தில் மாலைதீவின் வெளிநாட்டமைச்சரானவர். இருவரும் சரக்குக் கப்பலில் மாலேக்குப் போனார்கள். 1972 பெப்ரவரியில் கோர்பின் இத்தாலியர்கள் குழு ஒன்றைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். அப்போது மாலேயில் ஹோட்டலும் இல்லை, வங்கியும் இல்லை. வந்தவர்களை வீடுகளில்தான் தங்க வைத்தார்கள். அதற்குக் கொஞ்சக் காலம் முன்னம்தான் ஐக்கிய நாடுகள் அமைப்பின் நிபுணர்கள் வந்து பார்த்து, இந்தத் தீவுகள் சுற்றுலாவுக்குத் தோதில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நசீமும் அவருடைய நண்பர்கள் முகமட் உமர் மணிக்குவும் ஹுசைன் அபீபும் அந்தச் சொல்லைக் கேட்கவில்லை. விமானத் தளத்துக்குப் பக்கத்தில் விஹாமனாபுஷி என்றொரு தீவு, தென்னந்தோட்டம். அதில் பவளக் கல்லால் சுவர் எழுப்பி, ஓலையால் வேய்ந்து 30 அறைகள் கட்டினார்கள். குளிக்க உவர்க் கிணற்றுத் தண்ணி. 1972 ஒக்டோபர் 3இல் குரும்பா என்ற பெயரில் அது திறக்கப்பட்டது. திவேஹியிலும் குரும்பா என்றால் குரும்பைதான், எங்கட இளநீர்க் காய். அந்த வருஷம் முழுக்க வந்த சுற்றுலாப் பயணிகள் ஆயிரத்துச் சொச்சம். 2024இல் வந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். நாட்டின் சனத்தொகையே ஏறத்தாழ 5 லட்சம்தான்.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நடந்தது தற்செயல் அல்ல. ஒரு திட்டம் இருந்தது. மாலைதீவில் 1,192 தீவுகள், அதில் சனங்கள் வாழ்வது 200க்கும் குறைவான தீவுகளில். அரசாங்கம் ஆளில்லாத் தீவுகளைக் குத்தகைக்குக் கொடுத்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட். மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாம் அந்த ரிசோர்ட்டே பார்க்க வேணும். மது அங்கே மட்டும். ஊர்த் தீவுகளில் வெளிநாட்டவர் தங்குவது 1980களில் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு முஸ்லிம் நாடு தன் பழக்கவழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு டொலரும் உழைப்பதற்குக் கண்டுபிடித்த வழி இது: விருந்தாளி ஒரு தீவில், வீட்டுக்காரர் இன்னொரு தீவில்.

தேனிலவுக்கு இது அச்சாகப் பொருந்தியது. அத்தானின் படத்தில் மனிதர்களே இல்லை என்பதைப் பிறகுதான் கவனித்தோம். அந்த ஆளில்லாக் கரை இயற்கை தந்தது மட்டுமில்லை, சட்டமும் சேர்ந்து செய்தது.

ஆட்கள் இல்லாமலும் இல்லை. எங்கட ஊர் அண்ணா ஒருத்தர் அங்கே ஒரு ரிசோர்ட்டில் சமையலறையில் நிற்கிறார். இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் என்று எல்லா இடத்து ஆட்களும் இருக்கினமாம். தங்குமிடம் தீவின் நடுவில், மரங்களுக்குப் பின்னால். "படத்தில வாற பக்கத்துக்கு வேலை நேரத்தில மட்டும்தான் போவம்" என்று வொய்ஸ் அனுப்பினார். மாலைதீவுப் பெண்கள் அந்த வேலைகளில் மிகக் குறைவு. வேறு தீவில் மாதக் கணக்காகத் தங்க வேணும் என்பதால் வீட்டில் விட மாட்டினம். வெளிநாட்டுப் பெண் கணவனோடு வருகிற தீவுக்கு, உள்நாட்டுப் பெண் வேலைக்குப் போவது கஷ்டம்.

இந்தப் பிரிவில் ஒரு கதவு 2009க்குப் பிறகு திறந்தது. ஜனாதிபதி நஷீதின் காலத்தில் ஊர்த் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்த அனுமதி கிடைத்தது. 2004 சுனாமியில் அடிபட்ட மாபுஷி என்ற தீவு இதில் முன்னுக்கு வந்தது. இன்றைக்கு நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இப்படியான இல்லங்கள். ஊர்ச் சனங்களின் கையில் நேரே காசு. பள்ளிவாசல், பள்ளிக்கூடம், பாபத் கடை எல்லாம் பக்கத்தில். நீச்சலுடைக்கு மட்டும் மறைப்புக் கட்டின ஒரு கரை. மேலாடை போட வைக்க முடியாமல் தோற்ற அந்தக் காழி இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார் என்று எங்களுக்குள் சிரித்தோம்.

எல்லாம் நல்லது என்றும் சொல்ல வரவில்லை. 1998இல் கடல் சூடாகிப் பவளப் பாறைகள் பெருமளவில் வெளுத்துச் செத்தன. கடல் மட்டத்திலிருந்து சராசரி ஒன்றரை மீற்றர் உயரமுள்ள நாடு அது. பறந்து போகிற நாங்களும் அந்தச் சூட்டில் ஒரு பங்கு.

கடைசியில் அக்காவுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். கொழும்பிலிருந்து ஒன்றரை மணித்தியாலம். விசா இறங்கின இடத்தில் கிடைக்கும். ஆவணி தென்மேற்குப் பருவம், மழையும் காற்றும் இருக்கும், ஆனால் விலை குறைவு. கடல் அமைதியாக வேணுமென்றால் தை, மாசிதான். கடல் விமானம் பகலில் மட்டும் ஓடும். இரவில் போய் இறங்கினால் மாலே பக்கத்தில் ஒரு இரவு தங்க வேண்டி வரும், அந்தக் காசையும் கணக்கில் சேர்க்க வேணும். ஊர்த் தீவில் நான்கு இரவு தங்கி, ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசோர்ட்டுக்குப் பகல் பயணம் போனால் சீட்டுக் காசில் பாதிக்கு மேல் மிஞ்சும்.

அக்கா வாசித்துவிட்டு, "அப்ப போகச் சொல்லுறியளோ, வேண்டாம் எண்டுறியளோ?" என்று கேட்டா. போகச் சொல்லித்தான் சொன்னோம். எங்கட அம்மாக்களுக்கு அப்படித் தனியாக நான்கு நாள் கிடைக்கவில்லை. யுத்தத்துக்குள் கலியாணம் கட்டினவைக்கு நாலாம் சடங்கே பங்கர் பக்கத்தில்தான். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அறியக் கொஞ்ச நாள் எடுப்பதில் ஒரு பிழையும் இல்லை. போகிற இடத்தில் ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊருக்கும் எங்களுக்கும் பழைய கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்று தெரிந்து போனால் போதும்.

அத்தான் இன்னும் தண்ணீர் வீட்டில்தான் நிற்கிறார். அக்கா இன்னும் முடிவெடுக்கவில்லை. அவவின் அம்மா மட்டும் தெளிவாக இருக்கிறா: எங்க தங்கினாலும் சரி, வரேக்க ரெண்டு கிலோ மாசி வாங்கிக்கொண்டு வரட்டாம்.