எண்ணிக்கைக்குள் உழவர் யார்?

இந்தியாவில் தற்கொலையால் இறக்கும் உழவர்களின் எண்ணிக்கையைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 1995ஆம் ஆண்டுமுதல் தனியே பதிவுசெய்து வருகிறது. 2013இல் அவ்வெண் 11,772, 2014இல் 5,650. ஓராண்டில் பாதிக்கும் கீழே இறங்கிய இந்த எண்ணை நம்பி மகிழ இடமில்லை. இடையில் மாறியது வகைப்பாடு. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிரிடுவோர் மட்டுமே புதிய அறிக்கையில் ‘உழவர்’ எனப்பட்டனர். வேளாண் கூலித் தொழிலாளர் 6,710 பேர் வேறு நிரலில் வைக்கப்பட்டனர். இரண்டையும் கூட்டினால் 12,360. வீழ்ச்சி அங்கேயே மறைந்துவிடுகிறது.

இவ்வெண்கள் அனைத்துக்கும் ஊற்று காவல் நிலையப் பதிவு. இறந்தவரின் தொழில் இன்னதென அங்கே எழுதப்படும் சொல்லே பின்னர் புள்ளிவிவரமாகிறது. நாளெல்லாம் வயலில் உழைத்தவள், பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்குமாயின், எளிதில் ‘இல்லத்தரசி’ ஆகிவிடுகிறாள். 2021ஆம் ஆண்டு அறிக்கையில் வேளாண்துறையினர் 10,881 பேர். இல்லத்தரசிகள் 23,179 பேர். முதல் எண் நாடாளுமன்றத்தில் பலமுறை விவாதிக்கப்பட்டது. அதனினும் இருமடங்கு பெரிதான இரண்டாம் எண்ணுள் வயலில் நின்றவர் எத்தனை பேர் என்பதைக் கேட்பதற்கு அந்த அட்டவணையில் நிரலே இல்லை.