மட்டையும் பந்தும்: ஒரு விதியின் வரலாறு

1983 செப்டம்பர். பெங்களூரு சின்னசாமி அரங்கில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட் போட்டி. இந்திய அணி 85 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகளை இழந்திருந்தது. அந்நிலையில் இணைந்த ரோஜர் பின்னியும் மதன்லாலும் ஏழாவது விக்கெட்டுக்கு 155 ஓட்டங்கள் சேர்த்தனர். பின்னி ஆட்டமிழக்காமல் 83, மதன்லால் 74. மூன்று மாதங்களுக்கு முன் இதே இருவர்தாம் உலகக் கோப்பையில் முறையே 18, 17 விக்கெட்டுகளை வீழ்த்தியிருந்தனர்.

பெங்களூரில் பிறந்த பின்னியைப் பந்துவீச்சாளர் என்றே பலர் நினைவுகூர்கின்றனர். ஆனால் 1977-78 ரஞ்சிப் போட்டியில், சிக்மகளூரில் கேரளத்துக்கு எதிராகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி ஆட்டமிழக்காமல் 211 எடுத்தவர் அவர். சஞ்சய் தேசாயுடன் அன்று அவர் சேர்த்தவை 451 ஓட்டங்கள்.

இத்தகைய ஆட்டக்காரர்கள் உருவாவதற்குத் திறமை மட்டும் போதாது. விதியும் இடமளிக்க வேண்டும். பதினொருவர் மட்டுமே ஆடலாம் என்ற வரம்பு இருந்ததால், பந்து வீசுபவரும் மட்டை பிடித்தாக வேண்டியிருந்தது.

பேஸ்பால் வரலாறும் இதையே காட்டுகிறது. 1918இல் பேப் ரூத் பந்துவீச்சாளராக 13 வெற்றிகளும் மட்டையாளராக 11 ஹோம் ரன்களும் பெற்றார். பின்னர் நிபுணத்துவம் வளர்ந்தது. 1973இல் அமெரிக்கன் லீக், பந்து வீசுபவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என விதி வகுத்தது. 2021இல் ஜப்பானின் ஷோஹெய் ஒதானி 46 ஹோம் ரன்களும் 9 வெற்றிகளும் பெற்றபோது உலகம் வியந்தது. மறுஆண்டே, பந்துவீச்சிலிருந்து விலக்கப்பட்ட பின்னும் அவரைப் போன்றோர் தொடர்ந்து மட்டை பிடிக்க வழிசெய்து விதி திருத்தப்பட்டது.

ஐபிஎல் எதிர்த்திசையில் நடந்தது. 2023இல் வந்த இம்பாக்ட் பிளேயர் விதியின்படி, ஆட்டத்தின் நடுவே ஒருவரை விலக்கி, மட்டைக்கோ பந்துக்கோ தேர்ந்த மற்றொருவரை இறக்கலாம். இது ஆல்ரவுண்டர்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என 2024இல் ரோஹித் சர்மா வெளிப்படையாகவே கூறினார். அவ்விதி ஐபிஎல்லுக்குள் நுழைந்தபோது இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர் ரோஜர் பின்னி என்பது வரலாற்றின் முரண்.

இன்று பெங்களூரின் பயிற்சி வலைகளில் பந்து வீசி முடித்து, மட்டையை எடுக்கத் தன் முறைக்காகக் காத்திருக்கும் சிறுவனுக்கு நாளைய அணியில் இடமிருக்குமா? அதை அவன் உழைப்போடு, விதி வகுப்போரின் மேசையும் தீர்மானிக்கிறது.