கையுறை யாருக்காகப் பிறந்தது?



2020ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது நம் பிளாக்கில் குடியிருந்த செவிலியர் ஒருவர், கொரோனா வார்டு டியூட்டி முடிந்து படியேறும்போது பார்ப்பேன். மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்திய சிவந்த தடம். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். "வியர்வையிலேயே ஊறிப்போச்சு சார், சோறு பிசைந்தால் எரியுது" என்றார். நாமெல்லாம் கை தட்டினோம். அந்தக் கைகளைப் பார்த்தோமா?

கையுறை நோயாளியைக் காக்க வந்தது என்றே நினைத்திருந்தேன். படித்த பிறகுதான் தெரிந்தது, அது ஒரு செவிலியரின் தோலைக் காக்கப் பிறந்தது.

1889ஆம் ஆண்டின் குளிர்காலம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அறுவை அரங்கின் தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். கிருமி நீக்கும் மெர்குரிக் குளோரைடு கரைசலில் தினமும் கை நனைத்ததில் தோல் புண்ணாகிவிட்டது. அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி, அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். 1890இல் இருவருக்கும் திருமணமும் நடந்தது! கையுறை போட்டால் நோயாளிக்குச் சீழ் பிடிப்பதும் குறைகிறது என்று, குடலிறக்க அறுவைகளைக் கணக்கெடுத்து ஜோசப் பிளட்குட் எழுதியது 1899இல்தான்.

பிறகு வேலியே பயிரை மேய்ந்தது. 1980களில் எய்ட்ஸ் பயத்தால் ரப்பர் கையுறை எங்கும் பரவியது. கூடவே ரப்பர் ஒவ்வாமையும் பெருகியது. பவுடர் தடவிய கையுறைகளை 2017இல் அமெரிக்கா தடையே செய்தது. 2003இல் சார்ஸ் வந்த சிங்கப்பூரில், என்95 மாஸ்க் அணிந்த ஊழியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் முகத்தில் பரு, அரிப்பு, தடிப்பு என்றார்கள்.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன்? நம் குப்பையைப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு ஒரே ஒரு ஜோடி ரப்பர் கையுறைதான் தந்திருக்கிறோம். நேற்றைய ஈரம் காயாமலே இன்று மாட்டுகிறார்கள். சென்ற வாரம் ஒரு அம்மா கையை விரித்துக் காட்டினார், விரலிடுக்கெல்லாம் வெடிப்பு.

சங்கத்துக்கு என் வேண்டுகோள்: ஆளுக்கு இரண்டு ஜோடி, உள்ளே போடப் பருத்திக் கையுறை, நடுவில் கழற்றிக் கை உலர்த்தப் பத்து நிமிடம். காலமெல்லாம் பேரேடு எழுதியவன் சொல்கிறேன், நம் பராமரிப்புக் கணக்கில் இது பெரிய செலவே இல்லை.