நாய்களின் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு: எக்ஸ்ரே சோதனையின் வரலாறு

நாய்களின் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாடு என்பது, தொடை எலும்பின் தலை இடுப்பெலும்பிலுள்ள கிண்ணத்தில் இறுகப் பொருந்தாமல் தளர்ந்திருக்கும் பரம்பரைக் கோளாறாகும். குட்டி பிறக்கும்போது மூட்டு இயல்பாகவே இருக்கும். வளரும் மாதங்களில் தளர்வு தோன்றி, நாளடைவில் மூட்டுத் தேய்மானமாக முடிகிறது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வீலர் போன்ற கனத்த இனங்களில் இது மிகுதி. கிரேஹவுண்டில் மிக அரிது. மூட்டு கெட்ட நாய்களுள் சில நொண்டாமலே நடக்கும். ஆகவே நடையை மட்டும் பார்த்து நோயை உறுதிசெய்ய இயலாது, படம் தேவை.

தொடக்கம்

1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல்லே நாய்களில் இக்குறைபாடு இருப்பதை முதன்முதலில் விவரித்தார். அப்போது இது அரிய நோயாகவே கருதப்பட்டது. 1950களில் சுவீடனில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களைப் படமெடுத்து ஆராய்ந்தபோதுதான் அதன் பரவலும் பரம்பரைத் தன்மையும் தெளிவாயின.

அளவுகோல்கள்

1961இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் குழு படமெடுக்கும் நிலையை வரையறுத்தது. நாயை மயக்கி மல்லாக்கக் கிடத்தி, பின்னங்கால்களை இணையாக நீட்டி, முழங்கால் சில்லு நடுவில் வரும்படி உட்புறம் திருப்ப வேண்டும். இடுப்பு சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கக் கிண்ணம் ஆழமாகவும் மறுபக்கம் ஆழமற்றும் தெரியும். இப்படத்தில் கிண்ணம் தொடையெலும்புத் தலையை எவ்வளவு மூடுகிறது என்பதை அளப்பது நோர்பெர்க் கோணம். 105 பாகையும் அதற்கு மேலும் இயல்பு எனக் கொள்ளப்பட்டது. எனினும் எல்லா இனங்களுக்கும் இந்த ஒரே எண் பொருந்தாது எனப் பின்னர் தெரியவந்தது.

1966இல் ஜான் ஒலின் முன்முயற்சியால் அமெரிக்காவில் விலங்கு எலும்பியல் அறக்கட்டளை உருவாகி, படங்களைத் தரம்பிரித்துப் பதிவேடு நடத்தியது. அதன் இறுதிச் சான்று 24 மாதம் நிறைந்த நாய்களுக்கே வழங்கப்படுகிறது. பிரிட்டனில் ஒவ்வொரு மூட்டுக்கும் 53 வரை, மொத்தம் 106 வரை மதிப்பெண் இடுகின்றனர். எண் குறைந்தால் மூட்டு நலம்.

காலை நீட்டும் நிலையில் மூட்டுறை முறுக்கேறி இறுகுவதால் தளர்வு மறைந்துவிடும். இக்குறையை நீக்க, 1983 முதல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெய்ல் ஸ்மித் வேறொரு முறையை வளர்த்தார். தொடைகளுக்கிடையே கருவியொன்றை வைத்து மூட்டை வெளிப்புறமாக விலக்கிப் படமெடுத்து, விலகலை எண்ணாகக் கணக்கிடுவது இம்முறை. அவ்வெண் 0.3க்குக் கீழ் இருந்தால் பின்னாளில் தேய்மானம் வரும் வாய்ப்பு குறைவு. 16 வாரக் குட்டியிலேயே இதைச் செய்யலாம்.

தமிழகத்தில்

1903இல் சென்னை வேப்பேரியில் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று. ஆவுடையார்கோவில் அமைந்த புதுக்கோட்டை மாவட்டத்தின் அண்டையில், தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் 2012இல் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது.

இந்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகள், இனச்சேர்க்கைக்குக் குறைந்தது 18 மாத வயதை வேண்டுகின்றன. அமெரிக்கப் பதிவேட்டின் 24 மாதச் சான்றுக்குக் காத்திருந்தால், அதற்குள் ஒரு நாய் விதிப்படியே குட்டி ஈன்றிருக்கக்கூடும். கனத்த இனங்களை வளர்ப்போர் இந்த இடைவெளியைக் கருத வேண்டும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நாட்டு இனங்களின் உடலமைப்பு வேறு. அயலினங்களைக் கொண்டு வகுத்த எண்களை அவற்றின்மேல் அப்படியே ஏற்றாமல், அந்தந்த இனத்தின் படங்களோடு ஒப்பிடுவதே முறை.

படமும் வளர்ப்பும்

48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கண்காணித்த அமெரிக்க ஆய்வொன்றில், பாதி நாய்களுக்கு 25 விழுக்காடு குறைவாக உணவளிக்கப்பட்டது. 2002இல் வெளியான முடிவின்படி அவை ஏறத்தாழ 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அவற்றில் மூட்டுத் தேய்மானமும் பிந்தியே வந்தது. பரம்பரையை மாற்ற இயலாவிடினும், குட்டியைக் கொழுக்க விடாமல் வளர்ப்பது உரிமையாளரின் கையில் உள்ளது.